பேசாத பேய்க்கு ஒரு வரி

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கக்கா. அங்கே ஜன்னல் வெயில் உங்க பிள்ளை கண்ணில் அடிக்குது. ஒன்றரை மாச ஊசியா? முதல் பிள்ளையா? அப்ப இன்னைக்குப் பிள்ளை அழறதைவிட நீங்கதான் கூட அழுவீங்க. நானும் அப்படித்தான் அழுதேன். நர்ஸம்மா, "ஊசி உனக்கா, உன் பிள்ளைக்கா?"ன்னு கேட்டாங்க. இப்ப இவளுக்கு ஒன்பதாம் மாச ஊசி. பழகிப்போச்சு. ஊசி போட்ட இடத்தைத் தேய்ச்சு மட்டும் விட்டுராதீங்க. டோக்கன் எத்தனை? இருபத்தாறா? நான் இருபத்திமூணு. இப்பத்தான் பதினொண்ணு உள்ளே போயிருக்கு. நேரம் கிடக்கு.

நான் சும்மா சும்மா போனைப் பாக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. பிள்ளையை மடியில் போட்டுக்கிட்டு வீடியோ பாக்கற ஆளு இல்ல நான். ஒரு மெயில் வரணும். பன்னிரண்டு மணிக்குள்ள வரணும். வந்தா நான் எழுதின கதை புத்தகத்தில் இருக்கும். வராட்டி அந்த இடத்தில் வேற யாரோ எழுதினது இருக்கும்.

பேய்க்கதைக்கா. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பேய்க்கதை எழுதறவங்க எல்லாம் தலைவிரி கோலமாத் திரிவாங்கன்னு நினைச்சீங்களா? நான் பன்னிரண்டாவது வரைக்கும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிச்சேன். தமிழில் நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. மத்தது எல்லாம் கேக்காதீங்க.

அந்தக் கடகடச் சத்தம் கேக்குதில்ல, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூணாவது கட்டடம், அதுதான் எங்க மில். ஆவுடையப்பன் மாவு மில். எங்க வீட்டுக்காரர் பேருதான் அது. காலையில் எட்டு மணிக்கு இந்தச் சத்தம் ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிக்கும். கரண்டு போனாலும் நிக்கும். வேற எதுக்கும் நிக்காது. ஊரில் பாதிப் பேர் இதை வச்சுத்தான் மணி பாக்கறாங்க.

அந்தச் சத்தத்துக்குள்ளே கிடந்து கிடந்து அவருக்குப் பேச்சே மறந்துபோச்சு. மில்லில் எல்லாம் கை ஜாடைதான். ஒரு விரல் காட்டினா ஒரு தடவை அரைக்கணும், ரெண்டு விரல் காட்டினா ரெண்டு தடவை. உள்ளங்கையைத் தேய்ச்சுக் காட்டினா மைதா மாதிரி நைசா வேணும்னு அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் அதே ஜாடைதான். தலையில் இருந்து கால் வரைக்கும் மாவோட வருவார். புருவம்கூட வெள்ளை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், மூலையில் உட்காருவார், ரெண்டு விரலைக் காட்டுவார். இன்னும் ரெண்டு இட்லி வேணுமாம். பொண்ணு பாக்க வந்தப்பவும் ஒரு வார்த்தை பேசல. வெட்கம்னு நினைச்சேன். ஏழு வருஷமாவா ஒரு மனுஷன் வெட்கப்படுவான்?

போன் போட்டாலும் இந்தக் கடகடதான் கேக்கும். நான் பாட்டுக்குத் தக்காளி இல்ல, தேங்காய் இல்ல, பிள்ளைக்குச் சளின்னு சொல்லிட்டு வச்சிருவேன். கேக்குதோ கேக்கலையோ. சாயங்காலம் தக்காளி வந்துரும். அது எப்படின்னு நானும் யோசிச்சதில்ல.

சரி, கதைக்கு வர்றேன். இவ பிறந்து மூணாம் மாசம். கூடப் படிச்ச தோழி ஒருத்தி வாட்ஸாப்பில் ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தா. ஆந்தைக்கூடு பதிப்பகம்னு ஒண்ணு. திகில் கதைத் தொகுப்பு போடறாங்களாம். ஆயிரத்தைந்நூறு சொல்லுக்குள்ள இருக்கணும். தேர்வானா ஒரு புத்தகம் அனுப்பி வைப்பாங்க. பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன பேய்க்கதையைக் கேட்டு எட்டாவது பி பிரிவே கூட்டமாத்தான் கழிவறைக்குப் போகும், அதை மனசில் வச்சு அனுப்பியிருக்கா.

அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். பால் குடுக்கற நேரம்தான் எனக்கு எழுதற நேரம். இடது கையில் இவ, வலது கட்டைவிரலில் பேய். மோகினிக் கதைதான். பத்து நாளில் முடிச்சு அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் அறிவிப்பின் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிச்சேன். வெள்ளைச் சேலை வேண்டாம், கொலுசுச் சத்தம் வேண்டாம், மல்லிகைப்பூ வாசனை வேண்டாம், புளியமரம் வேண்டவே வேண்டாம். அக்கா, இந்த நாலும் என் கதையில் முதல் பக்கத்திலேயே வந்துருச்சு. அஞ்சாவதா ஒண்ணு வேண்டாம்னு போட்டிருந்தா அதுவும் ரெண்டாம் பக்கத்தில் இருந்திருக்கும்.

ஒரு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. எனக்கு மனப்பாடம். 'அன்புள்ள உலகம்மை, தங்கள் கதையை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தோம். தங்கள் மொழியில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது. இம்முறை தொகுப்பின் போக்குக்கு ஏற்ப வேறு கதைகளைக் கொண்டு செல்கிறோம். தொடர்ந்து எழுதுங்கள்.' இதைப் படிச்சா உங்களுக்கு என்ன தோணும்? எனக்குத் தேர்வாயிருச்சுன்னு தோணுச்சு. ஆர்வத்துடன் வாசிச்சிருக்காங்க, உயிர்ப்பு இருக்குன்னு சொல்றாங்க, இன்னும் எழுதுன்னு சொல்றாங்க. வேறென்ன வேணும்? நெய் ஊத்திக் கேசரி கிண்டினேன். மில்லுக்கு வந்தவங்களுக்கு எல்லாம் வாழை இலைத் துண்டில் வச்சுக் குடுத்தேன். மெயிலை அவர்கிட்டேயும் காட்டினேன். படிச்சுட்டுப் போனைத் திருப்பித் தந்தார். கேசரியை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு புத்தகம் வருதுன்னு அட்டைப்படம் போட்டாங்க. எழுதினவங்க பேரெல்லாம் வரிசையா இருக்கு, உலகம்மையைக் காணோம். நாலு தடவை மேலே இருந்து கீழே தேடிட்டு அவர்கிட்ட ஓடினேன்.

"அன்னைக்கே தெரியும்"னார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ கேசரியை இறக்கி வச்சிருந்தே"ன்னார்.

அவ்வளவுதான். அதுக்கு மேலே கேட்டா ஆணியில் இருந்த சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

யோசிச்சுப் பார்த்தா தப்பு என் பேரில்தான். பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜியைத் தின்னு முடிச்சு, "பொண்ணு லட்சணமா இருக்கா, ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்"னு சொல்லிட்டு எழுந்திருப்பாங்க பாருங்க, அதே கடிதம்தான் அது. எனக்கு நாலு வீட்டுக்காரங்க அப்படிச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அஞ்சாவது தடவையும் புரியலைன்னா யாரைக் குறை சொல்ல?

சரி, இது பொண்ணு பாக்கற விவகாரம் மாதிரின்னு புரிஞ்சதும் எனக்குத் தெம்பு வந்துருச்சு. அது நமக்குத் தெரிஞ்ச தொழில்தானே. அடுத்த கதையை நல்லா யோசிச்சு எழுதினேன். சொந்தக் கற்பனை. எங்கேயும் பார்த்து எழுதினது இல்ல, அதை முதலிலேயே சொல்லிடறேன்.

ஒரு வீடு. அதில் ஒருத்தி. விளக்கு வைக்கற நேரம் தினமும் ஒரு ஆளு வர்றான். உடம்பு பூரா சாம்பல். புருவம்கூட வெள்ளை. வந்து சட்டையைக் கழற்றி மாட்டறான், மூலையில் உட்காருறான். அவ சோறு போடுறா. தின்னுட்டுச் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கான். ஒரு வார்த்தை கிடையாது. அவதான் பேசிக்கிட்டே இருக்கா. இப்படி ஏழு வருஷம் போகுது. ஒரு நாள்தான் அவளுக்குத் தெரியுது, அவன் எப்பவோ செத்துப்போயிட்டான்னு. 'சாப்பிட வந்தவர்'னு தலைப்பு.

எதுக்குச் சிரிக்கறீங்க? சிரிக்கற கதையா இது? ஏழுன்னு ஏன் வச்சேன்னா, பேய்க்கு ஏழு பொருத்தமா இருக்கும், அதான். நீங்க பேய்க்கதை அதிகம் படிக்கறதில்லைன்னு நினைக்கறேன்.

இந்தத் தடவை நான் கோட்டை விட்ட இடம் வேற. ஒரு பொண்ணுக்கு ஜாதகம் எடுத்தா ஒரே வீட்டுக்கா குடுப்போம்? நாலு வீட்டுக்குக் குடுத்து வைப்போம், எது அமையுதோ அமையட்டும். அப்படித்தான் ஆந்தைக்கூட்டுக்கு ஒண்ணு, மூணு சக்கரம் வெளியீடுன்னு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு, கோயம்புத்தூரில் இன்னொரு பதிப்பகத்துக்கு ஒண்ணுன்னு மூணு இடத்துக்கும் அதே கதையை அனுப்பி வச்சேன். ஒரே கதையை ரெண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாதுன்னு பொடி எழுத்தில் போட்டிருந்தாங்களாம். மாத்திரை டப்பாவில் இருக்கற பொடி எழுத்தையே நாம படிக்கறதில்ல.

கோயம்புத்தூர்க்காரங்க உடனே பதில் போட்டாங்க. 'கதை பயமாக இல்லை, பாவமாக இருக்கிறது'ன்னு. பேயைப் பார்த்தாப் பாவமா இருக்காம். போகட்டும். மத்த ரெண்டு பேரும் ஒரே வாரத்தில் சரின்னுட்டாங்க. மூணு சக்கரத்தில் ஸ்டெல்லா மேடம்னு ஒருத்தங்க, ஆந்தைக்கூட்டில் இளஞ்சேரன் சார்னு ஒருத்தர். ரெண்டு பேருக்கும் 'மிக்க மகிழ்ச்சி'ன்னு பதில் போட்டேன். ரெண்டு வீட்டிலேயும் கை நனைச்சாச்சு. மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சுதான், ஆனா ஒண்ணு மதுரைக்காரங்க, இன்னொண்ணு மெட்ராஸ்காரங்க, யாருக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்.

ரெண்டு புத்தகமும் சிவகாசியில் ஒரே ஆளுகிட்டத்தான் பக்கம் வடிவமைக்கப் போயிருக்கு. இந்தச் சின்னப் பதிப்பகக்காரங்க எல்லாருக்கும் அவர் ஒருத்தர்தானாம். காலையில் ஒரு புத்தகத்துக்குப் பக்கம் கட்டியிருக்கார், சாயங்காலம் இன்னொரு புத்தகத்துக்குக் கட்டியிருக்கார். ரெண்டு பேருக்கும் போன் போட்டு, "சார், மேடம், ஒரே பேய் ரெண்டு வீட்டிலேயும் சோறு திங்குது"ன்னு சொல்லிட்டார்.

இளஞ்சேரன் சாரோட கோபம்கூடப் பரவாயில்ல. ஸ்டெல்லா மேடம்தான் சத்தமே போடாம பேசினாங்க. "உலகம்மை, நாங்க அஞ்சு பேரு. எல்லாரும் வேலைக்குப் போய்ட்டு வந்து உட்கார்ந்து உங்க கதையை வரிவரியாப் படிச்சோம். ரெண்டு நல்ல கதையை வேண்டாம்னு எழுதிட்டு உங்களுக்கு இடம் வச்சோம்"னாங்க. ஊர்ப் பணக்காரங்க கல்யாண வீடுன்னு நினைச்சு விளையாடிட்டேன், அவங்களும் நம்மளை மாதிரி அடுப்பையும் பாத்துக்கிட்டு இதையும் பாக்கறவங்கதான்னு எனக்குத் தெரியல. மன்னிப்புக் கேட்டேன். கதையைப் புத்தகத்தில் இருந்து நீக்கிட்டாங்க. அது சரிதான்.

இளஞ்சேரன் சார் ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டார். "இந்த ஒரு தடவை விடறேன். ஆனா கதைக்கு முடிவு இல்ல. அந்த ஆளு கதை முழுக்கப் பேசல, நல்லா இருக்கு. கடைசியில் ஒரே ஒரு வரி பேசணும். அந்த வரியில் படிக்கறவனுக்குக் குலை நடுங்கணும். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது. வரி சரியா இருந்தா நீங்க இருக்கீங்க. இல்லாட்டி வேற கதை தயாரா இருக்கு"ன்னார்.

ஒரு வரிதானேன்னு நினைச்சேன். ஒரு வாரம் தூக்கம் போச்சு. 'உன்னை விடமாட்டேன்'னு எழுதி அனுப்பினேன். இது எல்லாப் பேயும் பேசறதுதான்னார். 'உன் ரத்தம் வேணும்'னு அனுப்பினேன். தினமும் சோறு தின்னுக்கிட்டுத்தானே இருக்கான், பிறகு எதுக்கு ரத்தம்னு கேட்டார். நியாயம்தான். மில்லுக்கு மிளகாய் அரைக்க வர்ற பேச்சியம்மா பெரியம்மாகிட்ட யோசனை கேட்டேன். "குழம்பில் உப்பு இல்லைன்னு சொல்லட்டும். செத்தாலும் ஆம்பளை அதைத்தான் சொல்லுவான்"னாங்க. அதையும் அனுப்பினேன். இளஞ்சேரன் சார் ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, வேண்டாம்னுட்டார்.

"இந்தப் பேய் என்ன பேசும், அதை எழுதுங்க"ன்னே திரும்பத் திரும்பச் சொல்றார். வாயே திறக்காத பேய்கிட்டப் போய் என்னத்தக்கா கேக்க? அது மனசில் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

கடைசியில் வேற வழி இல்லாம, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர்கிட்டேயே கேட்டேன். கேட்டா மட்டும் என்ன சொல்லிறப்போறார்னுதான் கேட்டேன். "ஒருத்தன் செத்துட்டான். தினமும் வீட்டுக்கு வர்றான், சாப்பிடுறான், பேசறதில்ல. ஒரே ஒரு தடவை பேசணும்னா என்ன பேசுவான்?" சாப்பிட்டுக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுச்சு. என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். இட்லிக்கு விரல்கூடக் காட்டல.

மறுநாள் காலையில் என் போனை வேணும்னு ஜாடை காட்டினார். மில்லுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். பதினொரு மணிக்கு நான் துணி அலசிக்கிட்டு இருக்கேன், திடீர்னு ஊரே அமைதியாயிருச்சு. மில்லு நின்னுபோச்சு. பெல்ட் அறுந்துருச்சோன்னு நினைச்சேன். பிறகு பேச்சியம்மா பெரியம்மா வந்து சொல்றாங்க, "உன் வீட்டுக்காரன் மெஷினை நிப்பாட்டிட்டு உட்கார்ந்து போனைப் படிச்சுக்கிட்டு இருக்கான். நாங்க ஏழு பேர் மிளகாயோட வெயிலில் நிக்கோம். கேட்டா கையைக் காட்டி நிறுத்தறான்"னு. எனக்கு ஒரே வெட்கம். யாவாரத்தைக் கெடுத்துட்டு அப்படி என்ன படிப்பு?

அன்னைக்குச் சாயங்காலம் இன்னொரு கூத்து. விளக்கு வைக்கற நேரம் வாசலில் யாரோ ஒரு ஆளு நிக்கறார். கறுத்த புருவம், தலைமுடி எல்லாம் ஈரம். யாருங்க வேணும்னு கேக்க வாயெடுத்துட்டேன். பார்த்தா அவர்தான். மில்லுக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வந்திருக்கார். ஏழு வருஷத்தில் இல்லாத பழக்கம். நேத்தும் அப்படித்தான் வந்தார். இந்த வருஷம் வெயில் கூட, மாவு உடம்பில் அரிக்கும் போல. பாவம்.

இன்னைக்குக் காலையில்தான்க்கா சங்கதி. ஊசி அட்டையைக் காணோம்னு நான் அலமாரியைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன். அட்டையைத் திட்டறேன், அலமாரியைத் திட்டறேன், இளஞ்சேரன் சாரைத் திட்டறேன், மணி எட்டாகுது, இன்னும் வரி வரலையேன்னு புலம்பறேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டு வாசப்படியில் நின்னார். இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நீ பேசினது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னது?"ன்னேன்.

"அந்த ஆளு. கடைசியில் அதைச் சொல்லட்டும்"னுட்டு ஊசி அட்டையைத் திண்ணை மேல வச்சுட்டுப் போயிட்டார். அவர் சட்டைப் பையில்தான் இருந்திருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு ராத்திரியே எடுத்து வச்சிருக்கார்.

அக்கா, எனக்கு முதுகில் பச்சைத் தண்ணியை ஊத்தின மாதிரி இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. ஏழு வருஷம். யாரும் கேக்கலைன்னு நினைச்சுத்தானே அவ பேசியிருப்பா? அவங்க அம்மா வீட்டை நினைச்சு அழுதது, அடுப்படியில் தனியாப் பாடினது, சின்னதா ஒரு ஆசையைச் சொல்லிட்டு, சரி விடுன்னு தானே பதிலும் சொல்லிக்கிட்டது, அம்புட்டையும் மூலையில் உட்கார்ந்து ஒருத்தன் ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டே இருந்திருக்கான்னா? குலை நடுங்காதா? மாவு மில்லுக்குள்ள கிடக்கற மனுஷனுக்கு என்ன ஒரு கற்பனை பாருங்க! நின்ன இடத்திலேயே அடிச்சு அனுப்பிட்டேன். அதுக்குத்தான் இந்த மெயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

ஐயையோ, நீங்க ஏன்க்கா கண்ணைத் துடைக்கறீங்க? பயந்துட்டீங்களா? பச்சை உடம்புக்காரங்ககிட்டப் போய் பேய்க்கதையைச் சொன்னேன் பாருங்க, என் புத்தி. அது வெறும் கதைக்கா. அப்படி யாரும் கிடையாது.

இருங்க, இருங்க. வந்துருச்சு. ஆந்தைக்கூடுதான். பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. 'இதுதான் வரி. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அச்சுக்குப் போகிறது. எப்படிக் கிடைத்தது?' இதில் பஜ்ஜி ஏதும் இல்லையே? ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னு எங்கேயும் இல்லையே? நீங்களும் ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க. தேர்வுதானே? தேர்வுதான்!

அவருக்கு ஒரு போன் போட்டுடறேன். கேக்காது, இருந்தாலும் சொல்லிடறேன், அவர் குடுத்த வரியாச்சே. இருபத்திமூணா? வந்துட்டேன் நர்ஸம்மா, ஒரே நிமிஷம். மணி அடிக்குது. எடுத்துட்டார். ஹலோ, என்னங்க, நான்தான்... அட, என்ன திடீர்னு மில்லுச் சத்தத்தையே காணோம்? கரண்டு போயிருச்சா?

என்னக்கா, எதுக்கு மேலே கையைக் காட்டறீங்க?

ஆமா... ஃபேன் ஓடுதே.